சாம்பிள் அக்கா

“…பிறகு வந்து என்ர உயிரை எடுக்கக்கூடாது, தம்பி. முதல் ஒரு சாம்பிள் அடிப்பம். அது சரிவந்தா அசலில கைவைப்பம். ஆண்டவனும் ஒரு சாம்பிள் அடிச்சுப் பாத்துப்போட்டு உலகத்தைப் படைச்சிருந்தா, இந்த ரத்தம் குடிக்கிற நுளம்பை வெளியில விட்டிருப்பாரே?”

வன்னிப் பெருநிலப்பரப்பில் ஆண்டவனின் வேலையிலேயே குறை கண்டுபிடித்த ஒரே ஆள் சாம்பிள் அக்காதான். அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டையில் இருந்திருக்கும். நெடுங்கேணியில் அதை யாரும் கேட்டதில்லை. தபால்காரர்கூட, “சாம்பிள் அக்கா, கடிதம்!” என்றுதான் மணி அடிப்பார்.

அப்போது நான் அங்கே ஒரு போட்டோக்கொப்பிக் கடை வைத்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவின் தையல் அறை. அதற்குள் ஒரு கம்பியூட்டர் எம்ப்ரொய்டரி மெசின், ஒற்றை ஊசிக்காரி. பூவோ பெயரோ, வடிவத்தைப் பென்ட்றைவில் ஏற்றிக் கொடுத்தால் அது தைத்துக்கொண்டே போகும். ஏற்றிக் கொடுப்பது என் வேலை. ஒருநாள் தெரியாத்தனமாக, “உங்களுக்கென்ன அக்கா, எல்லாம் தானாத் தைக்குது” என்று சொல்லிவிட்டேன்.

“தானாத் தைக்குதோ? உழவு மெசினும்தான் தானா ஓடும். ஓட்டுறவன் இறங்கி நிண்டா அது நேரா ஆரின்ர வீட்டுக் குசினி அடுப்பில போய் நிக்கும்?”

சாம்பிள் என்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. எந்தத் துணியில் தைக்கப்போகிறோமோ அதே மாதிரித் துணித் துண்டில், அதே நூலில், அதே வேகத்தில் முதலில் ஒன்றைத் தைத்துப் பார்ப்பது. மெசின் எம்ப்ரொய்டரி பழகும் எவருக்கும் முதல் நாளே சொல்லிக்கொடுப்பதுதான். மற்றவர்கள் அதை நேரம் இருந்தால் செய்வார்கள். அக்கா அதை வாழ்க்கை முழுவதும் செய்தார்.

நாளைக்கு வவுனியாவில் கிளினிக் என்றால், இன்றைக்கே பஸ் ஏறி வவுனியா போய், ஆசுபத்திரி வாசலைத் தொட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி வருவார். “எங்கை அக்கா?” என்று கேட்டால் அவருடைய கணவர் பதில் சொல்லுவார்: “கிளினிக் நாளைக்கு. இண்டைக்கு சாம்பிளுக்குப் போயிட்டா.” தைப்பொங்கலுக்கு முதல்நாள் அந்த வீட்டில் ஒரு பொங்கல் பொங்கும். சூரியன்கூட அன்றைக்கு அந்த வீட்டுப் பக்கம் கொஞ்சம் யோசித்துத்தான் எட்டிப்பார்க்கும்.

அந்தக் கணவரைப் பற்றியும் சொல்லவேண்டும். நல்ல மனுசன். நான் அண்ணர் என்றுதான் கூப்பிடுவேன். பேச்சுக்காலில் பெண் பார்க்க வந்தவரை, அக்கா கிணற்றடிக்கு அனுப்பி ஒரு தொட்டி தண்ணீர் இறைக்கச் சொல்லிப் பார்த்தாராம். நான் அதை அவரிடமே கேட்டேன்.

“ஓம் தம்பி. சாம்பிளிலை பாஸ் பண்ணிப்போட்டன். அசல் எப்ப தொடங்கும் எண்டுதான் இவ்வளவு காலமாப் பாத்துக்கொண்டிருக்கிறன்.”

இத்தனை சாம்பிளும் எங்கே போகும்? வீட்டுக்குத்தான். துணியை வீணாக்குவது அக்காவுக்குப் பிடிக்காது. அடுப்படியில் சட்டி பிடிக்கிற துணியில் மயில் நிற்கும். தலையணை உறையில் யாரோ ஒரு குழந்தையின் பெயர் பாதியில் நிற்கும். அண்ணர் “சுமதி ரீச்சருக்கு அன்புடன்” என்று தைத்த சாரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போய் மரக்கறி வாங்குவார். அந்த ரீச்சரே ஒருநாள் எதிரே வந்து, வாசித்து, வந்த வழியே திரும்பிப் போனதைக் கண்ணால் கண்டவன் நான்.

சனிக்கிழமைகளில் பொழுதுபோக்காகத் தையல் பழகச் சில பெண்கள் வருவார்கள். அந்த வகுப்பைச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து நானும் படித்தேன். மெசினில் துணியைப் பூட்டுகிற வளையத்தைப் பற்றி அக்கா சொன்னது இன்னும் காதில் நிற்கிறது.

“வளையத்துக்குள்ள துணி புது மருமகள் மாதிரி இருக்கவேணும், பிள்ளையள். இறுக்கமா இருக்கலாம். இழுபடக்கூடாது.”

மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று இழுக்கிற கணக்கு சரியாக இருக்கவேண்டும். பொபினில் சுற்றிய கீழ்நூல் துணிக்கு மேலே எட்டிப்பார்த்தால் கணக்குப் பிழை. “விருந்து நடக்கேக்க குசினிக்க நிக்கிறவா விறாந்தைக்கு ஓடி வாறா எண்டா, உள்ள என்னவோ எரியுதெண்டு அர்த்தம்.” மினுமினுவென்று நெருக்கமாக விழுகிற சாட்டின் தையலை அகலமாகப் போட்டால் வளையலிலும் நகத்திலும் கொழுவி இழுபடும். “பெரிய வாய்க்காரர் மாதிரி. பாக்க வடிவு, போற வாற எல்லாத்திலயும் கொழுவுவினம்.” துணிக்குக் கீழே வைக்கிற தடித்த தாளுக்கு மட்டும் அவர் எந்த உவமையும் சொல்லவில்லை. “அதை வையுங்கோ. ஏன் எண்டு வைக்காத அண்டைக்குத் தெரியும்” என்றார்.

சாம்பிள் அடிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஊரே பார்த்த சாட்சி ஒன்று உண்டு. தண்ணீரூற்றுப் பக்கத்து உதைபந்தாட்டக் கழகம் ஒன்று, பனியனில் பாயும் குதிரை போட்டுக்கொள்ள ஆசைப்பட்டது. தலைவர் அக்காவிடம் வந்தார். அக்கா சாம்பிளுக்கு ஒரு பனியன் கேட்டார். “ஒண்டை வீணாக்கேலாது அக்கா, மற்றக் கிழமை மட்ச்” என்று அவர் வேறெங்கோ கொண்டுபோய் அவசரமாக அடித்துக்கொண்டார். வந்து சேர்ந்த பனியனில் குதிரை கால்களை மடக்கிக் குந்தியிருந்தது. தாடியும் வைத்திருந்தது. மைதானத்தில் சனம் “மே… மே…” என்று கத்தியே அவர்களைத் தோற்கடித்தது.

தலைவர் ஒரு பனியனைக் கொண்டுவந்து அக்காவின் மேசையில் போட்டார். அக்கா விரலால் தடவிப் பார்த்தார்.

“இழுபடுற துணியை இழுத்து வளையத்தில பூட்டியிருக்கினம். வளையத்தைக் கழட்டினதும் துணி தன்ர வீட்டுக்குப் போயிட்டுது. நூல் வராது எண்டு நிண்டிட்டுது. ரெண்டுக்கும் நடுவில பாவம் குதிரை.”

“இப்ப என்னக்கா செய்யிறது?”

“கழகத்தின்ர பேரை மாத்துங்கோ.”

இப்படிப்பட்டவரிடம்தான் ஒருநாள் திரேசம்மா வந்தார். கொக்கிளாயிலிருந்து பஸ் மாறி மாறி வந்திருந்தார். கணவர் கடற்தொழில். கையில் ஒரு சொப்பிங் பை, பைக்குள் ஒரு துவாய்த்துண்டு, அதற்குள் அவருடைய கூறைச்சேலை. அரக்குச் சிவப்பு, பொன்கரை. மகளுக்கு அடுத்த கிழமை கலியாணம். மாப்பிள்ளை வீட்டார் புதுக்கூறை எடுக்க வெளிக்கிட்டபோது, அம்மாவின் கூறைதான் வேண்டுமென்று மகள் ஒற்றைக்காலில் நின்றிருக்கிறாள். ஒவ்வோர் இடப்பெயர்விலும் வீட்டையும் வள்ளத்தையும் விட்டுவிட்டு அந்தக் குடும்பம் தூக்கிக்கொண்டு ஓடிய ஒரே சேலை அது. மாப்பிள்ளை வீட்டாரும் அரை மனதோடு சம்மதித்துவிட்டார்கள். ஆசையோடு பெட்டியைத் திறந்தால், முந்தானையில் எலி கடித்து இரண்டு விரல் போகிற ஓட்டை.

“இவ்வளவு தூரம் காப்பாத்திக் கொண்டந்து, கடைசியில எலிக்குக் குடுத்திட்டன் அக்கா” என்று திரேசம்மா கண்ணைத் துடைத்தார். “பிள்ளைக்கு மட்டும் சொன்னனான். மாப்பிள்ளை பகுதிக்குத் தெரியக்கூடாது. எலி கடிச்ச கூறையோடயோ வாறாள் எண்டு ஒருக்கா வாய்விட்டிட்டினமெண்டா, அவள் அந்த வீட்டில சாகுமட்டும் கேக்கவேணும்.”

ஓட்டைக்குக் கீழே ஒரு சிவப்புத் துண்டை வைத்து, மேலே பொன்நூலில் ஒரு பூ தைத்தால் மறைந்துவிடும். அக்காவுக்கு அது தெரியும். ஆனால் அவர் கேட்டது வேறு.

“உள்பக்கத் தலைப்பில ஒரு சாண் தாங்கோ, சாம்பிள் அடிக்க.”

“அது இல்லை அக்கா. இவள் பிறந்த நேரம் சுத்திப் பிடிக்க வேற துணி இருக்கேல்லை. அந்தப் பக்கத்தை வெட்டிப்போட்டன். இப்ப உடுத்தாலே மட்டுமட்டு.”

அக்கா சேலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பழைய பட்டு. நூல் கொஞ்சம் நெருங்கி விழுந்தாலும் ஓட்டை இரண்டு மடங்காகும். அக்கா சேலையை மெதுவாக மடித்துத் துவாய்க்குள் வைத்தார். “ரெண்டு நாள் பொறுங்கோ” என்றார்.

அடுத்த நாள் வவுனியாவுக்கு சாம்பிள் பயணம். அதற்கடுத்த நாள் அசல் பயணம். நானும் போனேன். சாம்பிள் அடிக்க அதே மாதிரிப் பட்டு தேடி ஒவ்வொரு புடவைக்கடையிலும் ஏறி இறங்கினோம். ஒரு கடைப் பெடியன் பளபளவென்று ஒன்றை விரித்து, “பழைய கூறை மாதிரியே இருக்கும் அன்ரி” என்றான்.

அக்கா இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்தார். “இது வாளி செய்யிற சாமானில நெய்தது, ராசா. ஓட்டை விழுந்தாலும் தண்ணி ஒழுகாது.”

வெறுங்கையோடு திரும்பினோம். திரேசம்மா அறையில் காத்திருந்தார். விசயத்தைக் கேட்டதும், “அக்கா, நேராயே அடியுங்கோ. வாறது வரட்டும்” என்றார்.

“வாறது வரட்டுமெண்டு நீங்கள் சொல்லலாம். ஊசி இறக்கிறது நானெல்லே?”

அக்கா எழுந்து வீட்டுக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு சிவப்புப் பொட்டலம். பின்னால் கணவர் செருப்பைக்கூடப் போடாமல் ஓடிவந்தார்.

“இஞ்சேரும், அது உம்மட கூறையெல்லோ?”

“ஓம். அவவும் நானும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில கலியாணம் கட்டினனாங்கள். ரெண்டு பட்டும் ஒரே மாதிரித்தான் கிழடு தட்டியிருக்கும்.”

திரேசம்மா பதறிப்போய்க் கையைப் பிடித்தார். “ஐயோ வேண்டாம் அக்கா, கலியாணக் கூறை!”

“ஏன் பிள்ளை, என்னை இன்னொருக்கா ஆரும் பொம்பிளை பாக்க வரப்போகினமே?”

“நான் வருவன்” என்றார் கணவர், மெதுவாக.

“நீங்கள் முதல் அந்த வளையத்தை எடுத்துத் தாங்கோ.”

வெறும் துணியில் பூத் தைத்துப் பார்ப்பார் என்றுதான் நான் நினைத்தேன். அக்கா கத்தரிக்கோலை எடுத்தார். “ஓட்டை இல்லாத துணியில ஓட்டை மூடுற சாம்பிள் எப்பிடியடா அடிக்கிறது?” என்று சொல்லிக்கொண்டே தன் கூறையின் முந்தானையில் இரண்டு விரல் அகலத்துக்கு ஓட்டை வெட்டினார். வெட்டிய பிறகு ஓரத்தை நகத்தால் பிய்த்துவிட்டார். “எலி நேரா வெட்டாது.”

முதல் பூ சுருங்கிப்போய்ப் பப்படம் மாதிரி வந்தது. அக்காவின் முகத்தில் நான் அப்படியொரு மகிழ்ச்சியைக் கண்டதில்லை. “பாத்தியளே! பாத்தியளே! இதை அவவின்ர சேலையில அடிச்சிருந்தா?” திரேசம்மா அழுதுகொண்டே சிரித்தார். தையலின் நெருக்கத்தைக் குறைத்து, வேகத்தையும் குறைத்து, இன்னொரு ஓட்டை வெட்டி இரண்டாவது பூ. இந்த முறை சுருங்கவில்லை, ஆனால் கீழ்நூல் ஓரத்தில் வெள்ளையாக எட்டிப்பார்த்தது. மூன்றாவது ஓட்டைக்கு அக்கா ஊசியையே மெல்லியதாக மாற்றினார். வளையத்துக்குள் தாளை மட்டும் பூட்டினார். பட்டுத்துணியை வளையம் கடிக்கவிடாமல், அந்தத் தாளின் மேல் சும்மா படுக்கவைத்து ஓரத்தில் தளர்வாக நூலோட்டிக்கொண்டார். பூ, மலர்ந்த பூவாகவே விழுந்தது.

அதன் பிறகுதான் திரேசம்மாவின் சேலையில் ஊசி இறங்கியது. அந்த நேரம் முழுக்கத் திரேசம்மாவின் கையில் செபமாலை ஓடியது. அண்ணர் மின்சாரம் நின்றுவிடக்கூடாதென்று பிளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். முடிந்ததும் அக்கா பூவைக் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்து, “கொண்டு போங்கோ” என்றார். அவ்வளவுதான்.

கலியாணத்துக்கு எங்கள் மூவருக்கும் அழைப்பு. அக்கா தன் கூறையையே உடுத்துக்கொண்டு வந்து பஸ்ஸில் ஏறினார், மூன்று பூவோடும். நான் பார்த்த பார்வையைக் கண்டு, “என்ன? மூண்டு பூப் போட்டபிறகு இது புதுச்சீலை” என்றார்.

கோயிலில் தாலி கட்டி முடிந்து, பக்கத்துப் பந்தலில் எல்லோரும் கதிரைகளில் உட்கார்ந்திருந்தோம். மணமகள் உடுப்பு மாற்றி, அம்மாவின் கூறையோடு வந்தாள். ஓட்டை இருந்த இடம் தெரிந்த எனக்கே அதைத் தேடவேண்டியிருந்தது. எங்களுக்குப் பக்கத்தில் மாப்பிள்ளையின் சின்னம்மா. நல்ல உற்றுப்பார்க்கிற கண். முதலில் மணமகளின் முந்தானையைப் பார்த்தார். பிறகு அக்காவின் முந்தானையைப் பார்த்தார். திரும்பவும் மணமகள் பக்கம்.

“அக்கா, உங்கட சீலையிலயும் அதே பூவாக் கிடக்குது? ஆனா உங்கட பூவென்ன இப்பிடிச் சுருங்கிப்போச்சு?”

அங்கே திரேசம்மா தட்டத்தோடு அப்படியே நின்றுவிட்டார்.

கடவுளையே சாம்பிள் அடிக்காததற்குக் குறை சொன்ன எங்கள் அக்கா, தலையைக் குனிந்துகொண்டார்.

“அதையேன் கேக்கிறியள், பிள்ளை. பொம்பிளையின்ர பூவைப் பாத்திட்டு, வடிவாக் கிடக்குதெண்டு எனக்கும் ஆசை வந்திட்டுது. அவசரப்பட்டு, சாம்பிள் அடிச்சுப் பாக்காமல் அடிச்சுப்போட்டன்.”

சின்னம்மா “ச்சு… ச்சு…” என்று அனுதாபப்பட்டார். ஆனால் அவருடைய கண் மெல்ல மறுபடியும் மணமகளின் பக்கம் போகப் பார்த்தது. அக்கா முந்தானையைத் தோளிலிருந்து எடுத்து, சுருங்கின பூ மேலே வரத்தக்கதாக விரித்து, அந்த மனுசியின் மடியில் போட்டார்.