முயல் மருந்து

எங்கள் காரைக்கால் பக்கம், ஐஸ் போட்ட பிளாஸ்கோடு ஒருவர் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். டாக்டர் எழுதிக் கொடுத்த ஊசி மருந்தை வெளியூரிலிருந்து வாங்கி வந்துவிட்டார்கள். ஊருக்கே தெரிந்த இந்த உண்மை, பயிர் நோய் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த எனக்கு மட்டும் தெரியவில்லை. (படிக்கப் படிக்க அறிவு வளரும் என்று யாரோ புரளி கிளப்பியிருக்கிறார்கள்.)

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. அப்பா ஈரல் நோயோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். பக்கத்தில் நெரவியில் எங்கள் வயலில் சம்பாப் பயிர் இலை நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வந்தது. சத்துக் குறைவுதான் என்று சித்தப்பா யூரியா மூட்டையோடு நின்றார். பாக்டீரியா நோயாக இருந்தால் யூரியா போடப் போட அது இன்னும் கொழுக்கும். அப்பாவுக்குத் தன் உடம்பைவிட அந்தக் கவலைதான் பெரிதாக இருந்தது.

நான் சும்மா இருப்பேனா? எங்கள் ஆய்வகத்தில் அந்த பாக்டீரியாவை முயலுக்கு ஊசியாகப் போட்டு, அதன் ரத்தத்திலிருந்து சீரம் எடுத்து வைத்திருந்தோம். இலைச் சாற்றில் ஒரு சொட்டு விட்டால் போதும், நோய் இருந்தால் பால் திரிவதுபோல் திரிந்துவிடும். பேராசிரியரிடம் கெஞ்சி ஒரு குப்பி வாங்கி, பிளாஸ்கில் ஐஸுக்கு நடுவே வைத்து, பஸ்ஸில் மடியிலேயே சுமந்து வந்தேன். (பெரிய பரிசையே மடியில் வைத்திருப்பதாக நினைப்பு.)

பஸ்ஸை விட்டு இறங்கி நேரே வார்டுக்குப் போனேன். பிளாஸ்கை அம்மாவிடம் கொடுத்து, பத்திரமாக வைத்திருக்கச் சொல்லிவிட்டு முகம் கழுவப் போனேன். அம்மா பிளாஸ்கை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கண் கலங்க என் கன்னத்தைத் தொட்டாள். களைத்து வந்த பெண் மேல் பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வந்தால் வார்டே களைகட்டியிருந்தது. அடுத்த கட்டிலில் பிரெஞ்சு அரசாங்கத்துப் பென்ஷன்காரர் ஒருவர், மகன் பாரீஸிலிருந்து அனுப்பும் மருந்துகளைப் பற்றி தினமும் அளப்பவர். தன் பெண் கொண்டுவந்தது பாரீஸிலும் கிடைக்காது என்று அம்மா அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நர்ஸ் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"முயல்னு எழுதியிருக்கே, என்ன மருந்துங்க இது?"

நான் பாய்ந்தேன். "அது அப்பாவுக்கு இல்ல, வயலுக்கு."

வார்டு முழுக்கக் கேட்டது. நான் பிடுங்கிய வேகத்தில் குப்பி தரையில் விழுந்து உடைந்தது. அம்மா காலி பிளாஸ்கின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அப்பாதான் பேசினார். "அத ஊத்துனா பயிரு பொழச்சுக்குமா?"

"இல்லப்பா. என்ன நோய்னு சொல்லும், அவ்வளவுதான்."

"அத எனக்கு டாக்டரே சொல்லிட்டாரும்மா" என்று அப்பா சிரித்தார். பிறகு, எதற்கும் யூரியாவை நிறுத்தி வைக்கும்படி சித்தப்பாவுக்குச் சொல்லி அனுப்பினார்.

அந்தப் போகத்தில் பாதிதான் தேறியது. அப்பா அறுவடை வரை இருக்கவில்லை.

இப்போதெல்லாம் டி.என்.ஏ.வை வைத்தே பயிர் நோயைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். நானும் அந்த வேலையைச் செய்துதான் ஓய்வு பெற்றேன். ஆனால் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் நான் எதை வைத்தாலும், "ஆளுக்கா, வயலுக்கா?" என்று கேட்காமல் யாரும் தொடுவதில்லை. நேற்றுப் பிறந்த வாண்டுகள்கூடக் கேட்கின்றன.

போன வருஷம் அம்மாவுக்கு இன்சுலின் வாங்கி ஐஸில் வைத்துக் கொண்டுபோனேன். அம்மாவும் அதையேதான் கேட்டாள். உனக்குத்தாம்மா என்றேன். எல்லோரும் சிரித்தோம்.

அம்மா மட்டும் குப்பியைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"அன்னைக்கும் அப்பாவுக்குத்தாம்மான்னு நீ இப்புடித்தான் சொல்லப்போறேன்னு நெனச்சேன்டி" என்றாள்.