கை கொடுக்கும் ஆதரவாளர்

ஆதரவாளர் என்று ஓர் இனம் இருக்கிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். எங்கே ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு எதையாவது செய்துகொண்டிருக்கிறாரோ, அங்கே வந்து, அவர் தோளைத் தட்டி, புகைப்படத்தில் பாதி முகமாவது விழும்படி நின்று, 'நாங்க இருக்கோம்' என்பவர். இருக்கிறார்தான். அதுதான் சிக்கல்.

எல்லாத் தொழிலிலும் இவர் உண்டு. ஆனால் முழு வளர்ச்சியடைந்த ஒருவரைப் பார்க்க வேண்டுமானால், கணினி விளையாட்டுகளை வெளியிடும் கம்பெனிக்குப் போக வேண்டும். அங்கே இவருக்குத் தனி அறையும் பதவியும் உண்டு: தொழில்முறை ஆட்டக்காரர் நலன், மேம்பாடு மற்றும் ஊக்குவிப்பு. கதவில் அதை எழுத இடம் போதாமல் 'ஊக்குவிப்பு' சுவரில் இருக்கிறது.

என் அக்கா மகள் அந்தக் கம்பெனியின் ஆட்டம் ஒன்றை ஆடுகிறவள். அணிக்கு ஐந்து பேர். பதினேழு வயது, சின்ன உருவம், வாய்தான் காரம். வீட்டில் மிளகு என்போம். பதினெட்டு நிரம்பாதவர்களோடு பெரியவர் ஒருவர் வரவேண்டும் என்று விதி இருந்ததால், ஆதரவாளருடைய கூட்டங்களுக்கெல்லாம் நானும் போய், சுவரோரத்து நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. கண்ணை மூடவும் இல்லை.

ஆதரவாளருக்கு மிகவும் பிடித்த சடங்கு, கருத்துக் கேட்பது.

"சொல்லுங்க, உங்களுக்கு என்ன வேணும்? மனசு விட்டுக் கேளுங்க. இதை உங்க வீடா நினைச்சுக்குங்க."

மிளகு எழுந்தாள். "மூணே விஷயம் சார். போட்டித் தேதியை ஆறு மாசம் முன்னாடியே சொல்லிடுங்க. ஆட்டத்தைத் திறந்ததும் வர்ற முதல் திரையில, இன்னிக்குப் போட்டி இருக்குன்னு ஒரு வரி போடுங்க. தெரிஞ்சாதானே பாக்க வருவாங்க? முக்கியமா, இறுதிச் சுற்று முடியற வரைக்கும் ஆட்டத்துல கை வைக்காதீங்க."

"கை வைக்கறதா? நாங்க கை கொடுக்கறவங்கம்மா!"

அறை சிரித்தது. கைதட்டியது. பக்கத்திலிருந்த உதவியாளர் நோட்டில் எழுதினார். எட்டிப் பார்த்தேன். 'கை கொடுப்போம் – நல்ல முழக்கம்' என்று இருந்தது. வேறொன்றும் இல்லை.

அதன்பிறகு அவர் செய்த ஆதரவு இருக்கிறதே! முதுகில் பெரிய கை அச்சிட்ட சட்டை கொடுத்தார். மிளகுக்கு அது முழங்கால் வரை வந்தது. அணிக்கொரு பாட்டு போட்டார். மேடையில் புகை விடச் சொன்னார்; ஒத்திகையில் ஆட்டக்காரர்களுக்குத் திரை தெரியவில்லை, இருமல்தான் வந்தது. கவனம் சிதறாமல் இருப்பது எப்படி என்று அவர்களை உட்கார வைத்து இரண்டரை மணி நேரம் பேசினார். அது அவர்கள் பயிற்சி செய்ய வேண்டிய நேரம். ஆட்டத்தின் முதல் திரை? அதில் அந்த வாரம் முழுவதும் ஆட்டத்தில் வரும் ஒரு பூனைக்குப் புதுத் தொப்பி விற்றார்கள்.

கொட்டாவி விட்டுவிடாதீர்கள். இறுதிச் சுற்றில் நான்கு அணிகள். முதலில் வரும் இரண்டு அணிகளுக்கு ஓராண்டுக்குத் தொழில்முறை இடம், மாதச் சம்பளம், பயிற்சியாளர். மற்ற இரண்டும் வீட்டுக்குப் போகலாம். மிளகுக்கு அதுவும் இல்லை. "தோத்தா திங்கக்கிழமை காலைல கடைக்கு வந்துடணும்" என்று அவள் அப்பா சொல்லியிருந்தார். அவருக்குச் சலவைக் கடை. ஆட்டம் என்பது உட்கார்ந்தபடி தூங்கும் ஒரு முறை என்பது அவர் எண்ணம்.

ஆட்டத்தில் மிளகு எடுப்பது வலைக்காரி என்ற பாத்திரம். எட்ட நின்று வலை வீசி எதிரியைச் சிக்க வைப்பவள். பதினோரு மாதம் அந்த ஒரே வீச்சைப் பழகியிருந்தாள். சோறு பிசையும்போது கூட விரல் அந்தக் கணக்கில்தான் அசையும்.

போட்டி நாள் காலையில் ஆதரவாளர் மேடைக்குப் பின்னால் ஓடி வந்தார், முகமெல்லாம் பல்லாக.

"உங்களுக்கு ஒரு இன்ப அதிர்ச்சி! பாக்கறவங்களுக்குச் சுவாரசியமா இருக்கட்டும்னு ஆட்டத்தைப் புதுப்பிச்சுட்டோம். வலைக்காரியோட வலையை மூணடி குறைச்சாச்சு!"

"இன்னிக்கா சார்?"

"இன்னிக்கேதான்! உங்களைக் காக்க வைப்போமா?"

பிறகு நடந்ததைச் சொல்ல அதிக நேரம் ஆகாது. அவள் கை பழகிய தூரத்துக்கு வீசியது. வலை சரியாக மூன்றடி முன்னால், வெறும் தரையில், மிக அழகாக விழுந்தது. எதிரி அதைத் தாண்டி நடந்து வந்தான். நெருங்கிப்போய் வீச வேண்டும் என்று அவள் விரல்கள் ஒப்புக்கொண்டபோது ஒரு ஆட்டம்தான் மீதி. அதை ஜெயித்தார்கள். மூன்றாவது இடம்.

ஆதரவாளர் மைக்கைப் பிடித்து, தோற்றவர்களுக்கும் கை கொடுப்போம் என்று முழங்கிக்கொண்டிருக்கும்போது, முன்வரிசையிலிருந்து மிளகின் அப்பா எழுந்து மேடையேறினார்.

"சார், நான் இஸ்திரி போடறவன். இந்த ஆட்டம் எனக்குப் புரியாது. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அவசரத் துணி மலையா குவிஞ்சிருக்கற நாள்ல, என்கிட்ட சொல்லாம யாராவது என் பெட்டியோட சூட்டை ஏத்தி வெச்சா, துணி கருகிடும். கருக்கினது யாரு சார்? நானா?"

"அருமையான கேள்வி ஐயா! அடுத்த வருஷக் கருத்தரங்குக்கு இதையே தலைப்பா வெச்சுடலாம்."

உதவியாளர் எழுதிக்கொண்டார்.

அப்பா இறங்கி வந்து மகளிடம், "திங்கக்கிழமை நீ கடைக்கு வர வேண்டாம். இன்னும் ஒரு வருஷம் ஆடு" என்றார்.

"அடுத்த வருஷமும் மாத்துவாங்கப்பா."

"மாத்தட்டும். அதுக்குள்ள உனக்குப் பதினெட்டு ஆயிடும். சித்தியைத் துணைக்குக் கூட்டிட்டுப் போகாம நீயே நேரா திட்டிட்டு வா."

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். கம்பெனி வைத்திருப்பவர்களுக்குத்தானே இது என்று நினைக்கிறீர்கள். போன பரீட்சைக்கு முந்தின நாள், மகள் குளிக்கப் போன பத்து நிமிடத்தில் அவள் மேஜையை ஒழித்துத் துடைத்து, திறந்து கிடந்த புத்தகங்களையெல்லாம் மூடி, உயர வரிசையில் அடுக்கி வைத்து, அவள் வந்து அலறியபோது 'இவ்வளவு செஞ்சதுக்கு இதுவா மரியாதை?' என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது யார்? பதில் சொல்ல வேண்டாம். வீட்டில் யாரிடமும் கேட்டுவிடவும் வேண்டாம், அவர்கள் சொல்லிவிடுவார்கள்.