மாமனார் குரலைச் சல்லடையில் போட்ட கதை

எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. சீட்டாட்டம் கிடையாது. ஆனால் ஒரு பாட்டைக் கேட்டுவிட்டால் அதைப் பற்றி நாலு வார்த்தை சொல்லாமல் இருக்க வராது. கேட்க ஆள் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. குளியலறையில் சோப்புப் பெட்டியிடம் சொல்லியிருக்கிறேன். இந்த வியாதியால் கல்யாணமே நின்றுபோக இருந்த கதையை, எங்கள் வீட்டில் இன்னும் சொல்லிச் சிரிப்பதால், நானும் ஒருமுறை என் வாயால் சொல்லிவிடுவது நல்லது.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. ஆனைக்கரையில் ஓர் ஏலக்காய் ஸ்டோரில் சூப்பர்வைசர். (பெயர்தான் சூப்பர்வைசர். தரம் பிரிக்கும் அக்காமார்கள் பன்னிரண்டு பேரும் என்னைத்தான் மேய்த்தார்கள்.) அப்பா கம்பத்துக்குப் போகும்போதெல்லாம் வாங்கி வந்த கேசட்டுகள் ஒரு செருப்புப் பெட்டி நிறைய இருந்தன. அதில் தொடங்கி, குறுந்தகடு, பென்டிரைவ் என்று என் சேகரிப்பு வளர்ந்தது.

அதில் எனக்குப் பிடித்தவர்கள் என்று சிலர் உண்டு. ஒரு வயலின்காரர். அவர் வில்லை எடுத்த பிறகும் சுரம் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கும். பழைய படங்களில் சோகப் பாட்டாகப் பாடித் தீர்த்த ஒருவர். அவருக்குக் கல்யாணப் பாட்டைக் கொடுத்தாலும், பிள்ளையை முதல் நாள் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்தவர் போலத்தான் பாடுவார். அப்புறம் ஒரு பாடகி. இரண்டு வரிகளுக்கு நடுவே அவர் மூச்சு இழுப்பது கேட்கும். யாரோ ஒரு புண்ணியவான் அதை அழிக்காமல் விட்டிருக்கிறார். அந்த ஒரு மூச்சுக்காக அதே கேசட்டை மூன்று முறை வாங்கினேன், இரண்டு தேய்ந்தே போயின.

ஸ்டோரில் போனில் பாட்டு ஓடும். முடிந்ததும் நான் என் அபிப்பிராயத்தைத் தொடங்குவேன். ஒருநாள் ஓர் அக்கா பொறுமை இழந்து, "தம்பி, கதய விடு. எத்தன எம்எம்? அத மட்டும் சொல்லு" என்றார். ஏலக்காயைச் சல்லடையில் சலித்துப் பிரிப்பார்கள். எட்டு எம்எம் என்றால் உயர்ந்த சரக்கு. ஏழு, ஆறு என்று இறங்கி, சுருங்கியதும் வெடித்ததும் ரிஜெக்ஷன். அன்றிலிருந்து நானும் பாடகர்களைச் சலிக்க ஆரம்பித்தேன். வயலின்காரர் எட்டு. சோகப் பாடகர் ஏழு, மழைக்காலத்தில் மட்டும் எட்டு.

இதோடு நின்றிருக்கலாம். எனக்கு எஃப்.எம். அறிவிப்பாளர் ஆகும் ஆசையும் இருந்தது. ஒவ்வொரு பாட்டுக்குப் பின்னாலும் என் அபிப்பிராயத்தை என் குரலிலேயே போனில் பதிந்து, பாட்டோடு ஒட்டி, ஒரு சிவப்புப் பென்டிரைவில் ஏற்றினேன். "வணக்கம் நேயர்களே, நான் உங்கள் சார்லஸ்" என்று அது தொடங்கும். நேயர்கள் நான் ஒருவன்தான்.

அந்த நேரத்தில்தான் ஜெனியின் சம்பந்தம் வந்தது. பள்ளிக்கூட டீச்சர். வீடு கஞ்சிக்கோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே. அவள் அப்பா மரியதாஸ், தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோயில் பாடகர் குழுவுக்கு அவர்தான் தலைவர். சொந்தச் செலவில் ஆறு பக்திப் பாடல்கள் பாடி ஒரு குறுந்தகடும் போட்டிருந்தார். பெண் பார்க்கப் போனபோது பலகாரத் தட்டோடு அதையும் என் கையில் வைத்தார்.

"கேட்டுப்போட்டு ஒளிவுமறைவில்லாமச் சொல்லோணுமுங்க" என்றார்.

ஜெனி கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். பார்த்த மாத்திரத்தில் எனக்குப் பிடித்துப் போயிருந்தது. அடுத்த வாரம் போனில் அவரைக் கூப்பிட்டு, "சார், உங்க குரல் எங்க மலை முழுக்கக் கேக்கும் சார். தினமும் அதத்தான் கேக்குறேன்" என்றேன். போனை வைத்த கையோடு உட்கார்ந்து, என் உண்மையான அபிப்பிராயத்தைச் சிவப்புப் பென்டிரைவில் பதிந்தேன். மனிதரிடம் பொய் சொல்லலாம், சேகரிப்பிடம் சொல்லக் கூடாது என்பது அந்த வயதில் என் கொள்கை.

நிச்சயதார்த்தம் பெண் வீட்டில், மாலை நான்கு மணிக்கு. "உங்க கலெக்ஷன்தானுங்க அன்னிக்கு மைக்செட்ல ஓடோணும்" என்று தாஸ் சார் கேட்டிருந்தார். அதற்காகவே வெறும் பாட்டுகள் மட்டும் உள்ள நீலப் பென்டிரைவ் ஒன்றைத் தயார் செய்தேன். கம்பமெட்டு மலைப்பாதை இறங்கி, தேனி, பழனி, பொள்ளாச்சி சுற்றி வேனில் வந்தோம். வழியெல்லாம் நீலம் வண்டியில் பாடியது. சிவப்பை வீட்டில் விட்டு வர மனமில்லாமல் சட்டைப்பையில் வைத்திருந்தேன். இறங்கியதும் மைக்செட்காரர் செல்வராஜ் வந்து கை நீட்ட, நான் பெருமையோடு சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். நீலம் வண்டியிலேயே இருந்தது.

அந்த வீட்டில் ஒரு வழக்கம். மாப்பிள்ளையும் பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார, பெண் வீட்டுப் பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து மாப்பிள்ளை வாயில் ஒரு ஸ்பூன் சர்க்கரை போடுவார்கள். கடைசியாகப் பெண்ணின் அப்பா. அவர் போட்டால்தான் சம்பந்தம் உறுதி. அதுவரை மாப்பிள்ளை எழுந்திருக்கக் கூடாது. இருபது பேர் வரிசையில் நின்றார்கள்.

முதல் பாட்டு வயலின். பந்தலே அமைதியாகக் கேட்டது. பாட்டு முடிந்தது. தென்னை மரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரிலிருந்து, "வணக்கம் நேயர்களே, நான் உங்கள் சார்லஸ்! இவருக்கு எட்டு எம்எம்!" என்று என் குரல் பாலக்காடு வரை போனது.

என் வாயில் அப்போது மூன்றாவது ஸ்பூன் சர்க்கரை. பின்னால் நின்ற என் பெரியம்மா மகள் லூர்து அக்கா குனிந்து காதில் கேட்டாள். "ஏல, இது உன் சத்தம்லா?"

நான் தலையாட்டினேன். "அக்கா, ஏழாவது பாட்டு வர்றதுக்குள்ள நிறுத்தச் சொல்லு" என்று சர்க்கரைக்கு நடுவே சொன்னேன். ஏழாவது தாஸ் சார்.

அக்கா ஓடினாள். திரும்பி வந்தவள் முகத்தில் களை இல்லை. "அந்தாளு மாட்டேங்காருல. மாப்ள பாட்டைப் பாதில நிறுத்தக்கூடாதுன்னு உன் மாமனாருதான் சொல்லி வச்சிருக்காராம். சாரமில்லீங்க, பரவால்லீங்கன்னு என்னையே சமாதானப்படுத்தி அனுப்புதாரு."

அதற்குள் பந்தலில் வேறொரு விபரீதம் தொடங்கியிருந்தது. எம்எம் என்றால் என்ன என்று பெண் வீட்டார் யாரோ கேட்க, எங்கள் பக்கத்து ஆட்கள் உற்சாகமாக விளக்கிவிட்டார்கள். மூன்றாவது பாட்டு முடிந்ததும் பந்தலே "ஏழு!" "இல்லீங்க, எட்டு!" என்று கூவியது. என் குரல் "ஏழு" என்றதும் ஜெயித்தவர்கள் கைதட்டினார்கள். என் வாழ்க்கையில் எனக்கு நேயர்கள் கிடைத்தது அன்றைக்குத்தான். அதை அனுபவிக்கும் நிலைமையில் நான் இல்லை.

"ஏனுங்க," என்று ஜெனி உதடு அசையாமல் கேட்டாள், "எங்கப்பா பாட்டும் இதுல இருக்குதுங்களா?"

"ஏழாவது."

"எத்தன போட்டிருக்கீங்க?"

அவள் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். அதன் பிறகு இருவரும் சேர்ந்து எண்ண ஆரம்பித்தோம். நாலு. அஞ்சு. நாங்கள் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான். எழுந்து போய்விடுவாளோ என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே எண்ணினேன். இந்தப் பெண் இல்லாமல் கம்பமெட்டு ஏற முடியாது என்று எனக்கு அந்த நாற்காலியில்தான் தெரிந்தது.

ஆறாவது முடியும்போது தாஸ் சார் கையில் சர்க்கரையோடு என் முன்னால் வந்து நின்றார். ஸ்பூனை என் வாயருகே கொண்டுவந்தார். ஏழாவது பாட்டு தொடங்கியது.

அவர் முகம் மலர்ந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "நம்ம பாட்டயும் சேத்திருக்கீங்களா மாப்ள!" என்று ஸ்பூனைப் பிடித்தபடியே நின்று கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பாட்டு முடிந்ததும் பந்தல் மரியாதையோடு ஒரே குரலாக "எட்டு!" என்றது.

என் குரல் சொன்னது: "நேயர்களே, ஆளு தங்கமான மனுஷன். ஆனா நாம சலிக்கிறது ஆளை இல்ல, குரலை. உச்சத்துக்குப் போற எடத்துல, லோடு ஏத்துன ஜீப்பு மெட்டு ஏறுற மாதிரி ஏறுறாரு. ஏறினப்புறம் எறங்க வழி தெரியாம அங்கயே நிக்கிறாரு. ரிஜெக்ஷன்!"

அதற்குப் பிறகு ஸ்பீக்கரில் என் குரல் என்ன பேசியது என்பது யாருக்கும் கேட்கவில்லை. பந்தலில் அவ்வளவு சத்தம். யாரோ நாற்காலியைத் தள்ளினார்கள். லூர்து அக்கா ஜெபமாலையை எடுத்துவிட்டாள். தாஸ் சார் ஸ்பூனைக் கிண்ணத்திலேயே வைத்தார். திரும்பி, நேராக மைக்செட்டுக்கு நடந்தார். சம்பந்தம் முடிந்தது என்று நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.

"சத்தம் போடாதீங்கொ," என்று அவர் குரல் கேட்டது. "ஏனுங்க செல்வராஜு, அந்தக் கடேசிய மறுக்காப் போடுங்க. இன்னும் என்னமோ சொன்னாருங்க."

ஜீப்பும் ரிஜெக்ஷனும் இரண்டாவது முறை ஊர் முழுக்கக் கேட்டன. இம்முறை யாரும் மூச்சு விடவில்லை. என் குரல் தொடர்ந்தது: "ஆனா அவரோட சிடியில நாலாவது பாட்டு தனி. அதுல அவர் ஊருக்காகப் பாடல. பக்கத்துல ஒக்காந்திருக்கிற யாரோ ஒருத்தருக்கு, தாழ்ந்த குரல்ல பாடுறாரு. எங்கிட்ட இருக்கிற அத்தன பேர்ல யாரும் இப்படிப் பாடினதில்ல. அது எட்டு. அதுக்கு மேல சல்லடை இல்லாததால எட்டு."

அவர் திரும்பி வந்தார்.

"அது மைக்க அணைச்சுப்போட்டாங்கன்னு நெனச்சுப் பாடுனதுங்க," என்றார். "பக்கத்துல ஒக்காந்திருந்தது இவதான்" என்று மனைவியைக் காட்டினார். "அத எடுத்துப்போடச் சொல்லி எல்லாரும் சொன்னாங்க. நல்லாருக்குன்னு ஒருத்தருமே சொன்னதில்லீங்க."

அதுவரை வாயே திறக்காத ஜெனியின் அம்மா, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. (சர்க்கரை மூக்கில் ஏறிவிட்டது என்று அக்காவிடம் சொன்னேன்.)

"ஒளிவுமறைவில்லாமச் சொல்லோணும்னு கேட்டது நாந்தானுங்க. போன்ல பொய்யச் சொல்லிப்போட்டு மைக்குல நெசத்தச் சொல்றீங்களே," என்றவர், ஸ்பூனைத் தள்ளிவைத்துவிட்டுக் கிண்ணத்தையே கையில் எடுத்தார். "வாயத் தொறங்க மாப்ள." அத்தனை சர்க்கரையும் என் வாய்க்குள் போனது. "இனிக் கொஞ்ச நேரத்துக்கு அபிப்பிராயம் வராதுங்க" என்று பந்தலைப் பார்த்துச் சொன்னார்.

அதன் பிறகு எங்கள் இரண்டு குடும்பத்திலும் எந்தப் பொருளும் எம்எம்மில்தான் அளக்கப்படுகிறது. ஜெனி குழம்பு வைத்தால் கரண்டியோடு வந்து நின்று எத்தனை என்று கேட்பாள். புதிதாகச் சம்பந்தம் பேசினால் லூர்து அக்கா மாப்பிள்ளையை ஆறா ஏழா என்று விசாரிப்பாள். கிறிஸ்துமஸ் தோறும் மாமா வேண்டுமென்றே அந்த ஜீப் பாட்டை, என் முகத்துக்கு நேரே, உச்சியில் நின்று பாடுவார். வீடே சேர்ந்து "ரிஜெக்ஷன்!" என்று கத்தும். அதில் எல்லோரையும்விட உரக்கக் கத்துவது அவர்தான்.

போன கிறிஸ்துமஸில் அவருக்குக் குரல் ஏறவில்லை. வயது எழுபத்தாறு. இரண்டு முறை முயன்று பார்த்துவிட்டு, அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து நாலாவது பாட்டைப் பாடினார். குரல் இரண்டு இடத்தில் நடுங்கியது. ஒரு வரி மறந்துபோய் அத்தை எடுத்துக் கொடுத்தார். யாரும் எத்தனை என்று கேட்கவில்லை. எனக்குக் கேசட் பெட்டியில் இருக்கும் அந்தப் பாடகியின் மூச்சு நினைவுக்கு வந்தது.

மாமாவே கேட்டார். "எத்தனைங்க மாப்ள?"

எட்டு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஜெனிகூட என்னைக் கெஞ்சுவது போலப் பார்த்தாள். ஆனால் வரவில்லை.

"ஏழுங்க மாமா."

மாமா என்னையே பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தபடி, அலமாரியில் இருந்த சர்க்கரை டப்பாவை எட்டி எடுத்தார்.

"வாயத் தொறங்க" என்றார்.