பச்சைக்கல் பெல்ட்டும் ஆழ்வார்திருநகரி சம்பந்தமும்

முத்தையாபுரம்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் முத்துச்செல்விக்கு அப்பா பால்துரை எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் சுகம். கானா நாட்டுக் காட்டில் நீயும் கொசுவலைக்குள் சுகமாக இருக்க வேண்டும். உன் கேம்பில் டவர் வருவதும் போவதுமாக இருப்பதால் மெயிலாகவே எழுதுகிறேன். பார்த்தவுடன் பதில் போடு. விஷயம் கைமீறிப் போய்விட்டது.

போன வாரம் நீ போனில், "அப்பா, நாங்க இருநூறு கிலோமீட்டர் நீளமான பச்சைக்கல் பெல்ட்டுலதான் பாறையத் தொளச்சு தங்கம் தேடுதோம். டன்னுக்கு ரெண்டு கிராம் வந்திருக்கு, கேம்பே கொண்டாடுது" என்றாயா? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இங்கே ஒரு லாரி உப்பு இருபது டன். அத்தனை பாறையை உடைத்தால் அஞ்சு பவுன், அதற்கா கொண்டாட்டம்? சரி, படித்த பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். மறுநாள் ஆழ்வார்திருநகரியிலிருந்து தேவகனி அம்மாள் தன் மகன் இசக்கிராஜாவுக்கு உன்னைப் பெண் கேட்டு வந்தார். "பிள்ள அங்கன என்ன செய்யுதா?" என்று கேட்டதும், "பச்சைக்கல் பெல்ட்டுல இருக்கா, தங்கம்தான்" என்று நானும் சொல்லிவைத்தேன். அந்த அம்மாள் முகம் மலர்ந்து இன்னொரு வடை எடுத்துக்கொண்டார். பெல்ட்டு என்றதும் ஒட்டியாணம் என்று நினைத்துக்கொண்டார் என்பது எனக்கு எப்படித் தெரியும்? இப்போ ஊரெல்லாம் இதே பேச்சு, பொண்ணு பச்சைக்கல் பதிச்ச ஒட்டியாணம் போட்டுட்டு வாரான்னு. நேத்து ரோட்டுல ஒருத்தர் பைக்க நிறுத்தி, "அண்ணாச்சி, ஒட்டியாணம் எவ்வளவு பெருசு?"ன்னு கேக்காரு. நீ சொன்னதத்தான் சொன்னேன், இருநூறு கிலோமீட்டர் நீளம்னு. மனுசன் பைக்க ஆஃப் பண்ணிட்டு அப்படியே நிக்காரு.

உங்கம்மா, "ஏன் இப்படி உளறி வச்சிருக்கிய? வெள்ளிக்கிழம அவிய ஒட்டியாணத்தப் பாக்க வாராவ, எதக் காட்ட?"ன்னு ஏசுதா. உண்மையச் சொன்னா சம்பந்தம் போயிரும். சொல்லாட்டா நான் பொய்யன். அது கல்லா, பெல்ட்டா, பாறையா, இல்ல ஊர்ப் பேரா? பொறுமையா எழுதும்மா, அப்படியே படிச்சுக் காட்டிருதேன்.

செந்தூர் முருகன் உன்னைப் பூச்சி பொட்டு அண்டாமல் காக்கட்டும். உன்னோடு துளை போடும் பிள்ளைகள் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
ஒன்றும் புரியாத அப்பா.

பின்குறிப்பு: மெயிலை அனுப்பப் போகும்போது தேவகனி அம்மாளிடமிருந்து போன். "அவ்வளவு பெரிய எடத்துக்கு நாங்க ஒத்து வரமாட்டோம் அண்ணாச்சி, தப்பா நெனைக்காதிய" என்று சம்பந்தமே வேண்டாம் என்றுவிட்டார். அம்மா அழுகிறாள். அஞ்சு நிமிஷம் கழித்து மாப்பிள்ளைப் பையனே கூப்பிட்டு, "மாமா, எங்கம்மாட்ட சொல்லிராதிய, அந்தக் காட்டுல எனக்கு ஒரு வேல கிடைக்குமா?" என்கிறான். உன் நம்பரைக் கொடுத்துவிட்டேன். சரிதானே?