நெவில் வீட்டுக் கணப்புச் சட்டம்

நெவில் வேலையிலிருந்து திரும்பியபோது வாசல் கேட்டருகே ஒன்றுமே இல்லை. கணப்படுப்பைச் சுற்றியிருந்த பழைய வார்ப்பிரும்புச் சட்டத்தைக் கழற்றி வெளியே வையுங்கள் என்று சுவர் பூச வந்தவர்களிடம் காலையில் சொல்லிவிட்டுப் போனவன் அவன்தான். ஹாலிஃபாக்ஸ் ஊரில் கேட்டருகே இரும்பை வைத்தால், பழைய இரும்பு வண்டிக்காரன் எடுத்துப்போகலாம் என்று பொருள். அது அவனுக்கும் தெரியும். மறந்து தொலைத்திருந்தான்.

அந்தச் சட்டம் மாமியார் எட்னா கொடுத்த கல்யாணப் பரிசு, பரம்பரைச் சொத்து. சட்டம் கெட்டுவிடும் என்று கணப்பில் நெருப்பு மூட்டக்கூட அவர் விட்டதில்லை. வரும்போதெல்லாம் வெள்ளைப் பெயிண்ட் கொண்டுவந்து தானே பூசிவிட்டுப் போவார். தொலைந்தது தெரிந்தால் அவர் இந்த வீட்டுப் படி மிதிக்கமாட்டார். மனைவி மாரீனும் அவனை மன்னிக்கமாட்டாள்.

அதனால் புளுகினான். பெயிண்டைச் சுரண்டி மெருகேற்றக் கொடுத்திருக்கிறேன் என்றான். மாரீன் உருகிப்போய் அவனைக் கட்டிக்கொண்டாள்.

இடித்த வீடுகளின் சாமான் விற்கும் கடைகளையெல்லாம் ஏறி இறங்கினான். கடைசியில் அதே அளவில் ஒன்று கிடைத்தது. தூக்கிவந்ததில் இடுப்பு விட்டுப்போயிற்று. ஆனால் பழையது மொழுமொழுவென்று இருந்தது. இதிலோ இரண்டு பக்கமும் ரோஜாப் பூக்கள்.

"இந்த ரோஜா எங்கேருந்து வந்துச்சு?" என்றாள் மாரீன்.

"உள்ளேயேதான் இருந்திருக்கு. உங்கம்மா அடிச்ச பெயிண்ட்ல மூடிப்போச்சு."

நல்ல பொய்தான். நல்ல பொய்யாகப் போனதால் மாரீன் உடனே அம்மாவுக்கு ஃபோன் போட்டுச் சொன்னாள். எட்னா அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார்.

கோட்டைக்கூடக் கழற்றாமல் அந்த ரோஜாக்களையே பார்த்துக்கொண்டு நின்றார். நெவிலுக்கு வியர்த்தது. ஒன்றும் அறியாத மாரீன், கிறிஸ்துமஸ் காலுறைகளைத் தொங்கவிடக் காந்தக் கொக்கிகளை எடுத்தாள்.

"காந்தமெல்லாம் வேணாம்டி," என்று எட்னா பதறினார். "டேப் போட்டு ஒட்டிக்கோ."

அதற்குள் மாரீன் வைத்துவிட்டாள். டக்கென்று ஒட்டிக்கொண்டது. எட்னாவின் முகம் வெளுத்தது. நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தவர், தொண்டை வறள்கிறது, தேநீர் போடு என்று மகளை அடுக்களைக்கு அனுப்பினார். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

இனி ஒளித்துப் பயனில்லை என்று நெவில் தீர்மானித்தான். வாசலில் வைத்தது, வண்டிக்காரன் கொண்டுபோனது, ரோஜாச் சட்டத்தைக் கடையில் வாங்கியது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டான்.

எட்னா அவன் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது, ஆனால் முகத்தில் கோபத்தின் சாயல்கூட இல்லை.

"மெதுவாப் பேசு, அவ காதுல விழுந்துடப்போகுது. என் வயித்துல பாலை வார்த்துட்டே நெவில். அசலை அவ அப்பாவுக்கு வேலை போனப்பவே வித்துச் சாப்பிட்டாச்சு, உங்களுக்கு நான் குடுத்தது வெறும் சுண்ணாம்புச் சாந்துல வார்த்தது."