பச்சைக் காரை ஜெயிக்கவைத்தவர்

போன மாதம் நடந்த கார் பந்தயத்தில் முதலிடம் பதினேழு முறை கைமாறியது என்பது பத்திரிகைச் செய்தி. அந்தப் பதினேழில் ஒன்பதை, தண்ணீர் வாரியத்தில் மேற்பார்வையாளராக இருக்கும் ஒருவர் தம் வீட்டுச் சோபாவை விட்டு எழுந்திருக்காமலேயே நடத்திக்கொடுத்தார் என்பது சலூனில் கிளம்பிய வதந்தி. செய்தியைச் சரிபார்க்கச் சம்பளத்துக்கு ஆள் இருக்கிறார்கள். வதந்திக்கு யார் இருக்கிறார்கள்? விசாரித்துப் பார்த்ததில், ஒன்பது என்பது தவறு. அவரே சொல்லும் எண்ணிக்கை பதினொன்று.

சோபா சாரதி என்னும் இந்த இனத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். திரையில் கார் வளைவில் திரும்பும்போது தோளைச் சாய்ப்பார். நேர்ச்சாலை வந்தால் மூச்சை அடக்குவார். எங்கோ ஒரு நாட்டில் பந்தயத் தடத்தில் மழை தூறினால் இங்கே மின்விசிறியைக் குறைப்பார். டயர் மாற்ற வண்டி ஒதுங்கினால் தாமும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு விரல்களைச் சொடுக்கிக்கொள்வார். முந்தினால் “முந்திட்டோம்” என்பார். பின்தங்கினால் “கோட்டைவிட்டுட்டான்” என்பார். சொந்தக் காரை இவர் ஓட்டும்போது சைக்கிள்காரர்கள் மணியடித்துவிட்டு முந்திப் போவது வேறு விஷயம்.

இவருடைய மார்க்கம் ஒரே விதியைக் கொண்டது. நம்ம வண்டி முந்திய கணத்தில் யார் எங்கே எப்படி இருந்தார்களோ, அவர்கள் அங்கே அப்படியே இருக்க வேண்டும்.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்கிறீர்களா? அன்று நஷ்டப்படவிருந்தவர் அவருடைய மனைவி.

அவள் ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தப் பரிசோதனைப் பிரிவில் டெக்னீஷியன். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வர ஆஸ்பத்திரி ஒரு கார் வாங்கியிருந்தது. வண்டி ஓட்டத் தெரிந்தவருக்கு அந்த வேலை, கூடவே பதவி உயர்வு. திங்கட்கிழமை காலை லைசென்ஸைக் காட்ட வேண்டும். இல்லையென்றால் வேறு ஆள். சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு அவளுக்கு ஓட்டுநர் தேர்வு. இது மூன்றாவது தடவை. முதல் தடவை மேட்டில் வண்டி நின்றுபோனது. இரண்டாம் தடவை பின்னால் எடுக்கும்போது கூம்பு ஒன்று மடங்கிப் படுத்தது. இந்தத் தேதியைத் தவறவிட்டால் அடுத்தது இரண்டரை மாதம் கழித்து. பழகுநர் தனியாக ஓட்டிப் போகக் கூடாது, லைசென்ஸ் உள்ள ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்த ஒருவர்தான் சோபாவில் இருந்தார்.

“ரெண்டரைக்கு முடிஞ்சிடும், மூணு மணிக்குக் கிளம்பிடலாம்” என்று அவர் சொன்னது உண்மைதான். ஆனால் அங்கே மழை பிடித்துக்கொண்டு, இரண்டு வண்டிகள் சுவரில் முட்டி, பந்தயத்தை ஐம்பது நிமிடம் நிறுத்திவைத்துவிட்டார்கள். மணி மூன்றேகாலுக்கு இன்னும் பதினோரு சுற்று பாக்கி. பச்சைக் காரும் வெள்ளைக் காரும் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி மாறி மாறி இடித்துக்கொண்டிருந்தன.

அவள் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். முப்பத்தெட்டாவது சுற்றில், பாத்திரம் துடைத்த துணியோடு அவள் எட்டிப் பார்த்தபோது பச்சைக் கார் முந்திவிட்டது. அன்றுமுதல் என்று சொல்ல வேண்டும்போல இருக்கிறது. அந்த நிமிடம் முதல் அவள் அங்கேதான், துணியும் கையுமாக. சாரதியின் வலது கையில் கார் சாவி. கிளம்புவதற்காக எடுத்தவர், எடுத்த வேளையில் பச்சைக் கார் முன்னால் இருந்ததால் அப்படியே இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“என்னங்க, மணி மூணேகால்.”

“தெரியும்.”

“மூணே முக்காலுக்கு அங்க கையெழுத்துப் போடணும்.”

“போடலாம். நீ தலைய ஆட்டாம பேசு.”

இந்த நேரத்தில் வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு பக்கத்து வீட்டு ஆம்புலன்ஸ் அண்ணன் வந்தார். முப்பத்தோரு வருடம் ஆம்புலன்ஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இவர்களுடைய கார் தம் கேட்டை மறித்துக்கொண்டு நிற்கிறது என்று சொல்ல வந்தவர், மரியாதைக்காகச் செருப்பைக் கழற்றத் தொடங்கினார். ஒரு செருப்பு கழன்றது. திரையில் பச்சைக் கார் சீறிக்கொண்டு முன்னால் வந்தது. பதினைந்தாவது மாற்றம்.

“அண்ணே, அப்படியே நில்லுங்க.”

“தம்பி, உங்க வண்டிய கொஞ்சம்…”

“ஒத்தச் செருப்போட நில்லுங்கண்ணே. பத்தே சுத்து.”

முப்பத்தோரு வருடத்தில் எத்தனையோ வீட்டு வாசலில் எத்தனையோ அலங்கோலத்தைப் பார்த்தவர் என்பதால், அண்ணன் அப்படியே நின்றார். அவளைப் பார்த்தார். அவள் துணியைக் காட்டினாள். அவருக்குப் புரிந்தது.

ஒரு நிமிடம்தான். வெள்ளைக் கார் உள்பக்கமாகப் புகுந்து முந்தியது. பதினாறு.

“நீ கடிகாரத்தப் பார்த்த” என்றார் சாரதி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“பார்க்காம?”

“அதான் போச்சு.”

சண்டை போட்டிருக்கலாம். அழுதிருக்கலாம். இரண்டையும் முந்தைய பந்தயங்களில் அவள் செய்து பார்த்திருக்கிறாள். இரண்டுமே அசைவுக் கணக்கில் சேர்க்கப்பட்டன. அவள் ரத்தம் பார்க்கிறவள். எதையும் எண்ணிக் குறித்துவைப்பது பழக்கம். நின்ற இடத்தில் பொழுது போகாமல், பழைய பரிசோதனைச் சீட்டு ஒன்றின் முதுகில் கோடு போட்டுக்கொண்டிருந்தவள், அதை எடுத்து வாசித்தாள்.

“சாவி உங்க கைக்கு வந்தப்போ பச்சை முன்னாடி இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“அப்புறம் ஏழு தடவை மாறியிருக்கு. பச்சைக்கு மூணு. வெள்ளைக்கு நாலு.”

சாரதி முதல்முறையாகத் திரையிலிருந்து கண்ணை எடுத்தார்.

“சரியா எண்ணுனியா?”

“எனக்கு அதானே வேலை.”

இரண்டு வண்டிகள் மாறி மாறி முந்தும்போது, முன்னால் இருந்தது கடைசியில் பின்னால் போயிருந்தால், கணக்கு அப்படித்தான் வரும் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். அவள் பொய் சொல்லவில்லை. மிச்சத்தைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். சாரதி தம் உள்ளங்கையைப் பார்த்த பார்வை, வீட்டுக்குள் இத்தனை நாள் சோறு போட்டு வளர்த்தது எதிராளியின் ஆளை என்று தெரிந்துகொண்டவரின் பார்வை. சாவியை டீப்பாய்மேல் போட்டார்.

“வெளிய கொண்டுபோ.”

“எவ்வளவு தூரம்?”

“எவ்வளவு முடியுமோ அவ்வளவு.”

“லைசென்ஸ் ஆபீஸ் எட்டு கிலோமீட்டர்.”

“போதும். ஓடு.”

“அண்ணனையும் கூட்டிட்டுப் போகணும். நான் தனியா ஓட்டக் கூடாது.”

இங்கேதான் சாரதி கொஞ்சம் தத்தளித்தார். அண்ணன் பதினைந்தாவது மாற்றத்தைக் கொண்டுவந்தவர்; சும்மா விட்டுவிட முடியுமா? கடைசியில் சமரசம் ஏற்பட்டது. அண்ணன் போகலாம். கழற்றிய செருப்பு இருக்க வேண்டும்.

ஆம்புலன்ஸ் அண்ணன் ஒற்றைச் செருப்போடு காரில் ஏறினார். வழி நெடுக நல்ல யோசனைகள் சொன்னார். “பின்னாடி ஒரு பிரசவ கேஸ் படுத்திருக்குன்னு நெனச்சுக்கம்மா. அவசரம் இருக்கணும், குலுங்கக் கூடாது.” சொல்லிக்கொண்டே, ஒவ்வொரு சந்திப்பிலும், பிரேக்கே இல்லாத தம் பக்கத்துத் தரையை வெறுங்காலால் ஓங்கி ஓங்கி மிதித்தார்.

“அண்ணே, அங்க ஒண்ணும் இல்ல.”

“கால் கேக்கல தாயி.”

மூன்று நாற்பத்திரண்டுக்குக் கையெழுத்துப் போட்டாள். மேட்டில் வண்டி நிற்கவில்லை. கூம்புகள் நிமிர்ந்தபடியே இருந்தன. தேர்வு அதிகாரி பேனாவின் மூடியைத் தேடி எடுத்து, பேனாவை உதறி, காகிதத்தில் எதையோ எழுதி முடிக்கும்வரை அவள் கியர்மேல் வைத்த கையை எடுக்கவில்லை. எடுத்தால் என்ன ஆகிவிடும் என்று அவளுக்கே தெரியாது. பாஸ்.

வீடு திரும்பியபோது சாரதி எட்டு மணி நேரம் ஓட்டியவர்போல் களைத்துக் கிடந்தார். சாவி தெருமுனை தாண்டிய சிறிது நேரத்தில் பச்சைக் கார் பதினேழாவது முறையாக முன்னே வந்து, அப்படியே போய் ஜெயித்திருந்தது.

“பாஸ் பண்ணிட்டேன்” என்றாள்.

“தெரியும். நீ திரும்பி வர்ற வரைக்கும் நான் காலை மாத்தவே இல்ல.”

அண்ணனுக்கு எப்படி நன்றி சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்டே விட்டாள். அவர் சொன்னார்: “ஊரையே வண்டியில ஏத்திட்டுப் போயிருக்கேன். என்னை யாரும் ஏத்திட்டுப் போனதில்லம்மா. ஒரு நாள் பின்சீட்டுல உட்கார வெச்சு கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போ. போதும்.” அவளும் ஒத்துக்கொண்டாள்.

இதில் ஒரு சிக்கல். மற்ற ஆறு நாளும் அவளுக்கு ஆஸ்பத்திரிக் கார், ஆஸ்பத்திரி ரத்தம். ஓய்வு சனிக்கிழமைதான். பந்தயமும் சனிக்கிழமைதான். பந்தய நேரத்தில் சாவி எட்டு கிலோமீட்டர் தள்ளி, லைசென்ஸ் ஆபீஸ் வாசலில் இருந்தாக வேண்டும் என்பது இப்போது வீட்டின் சட்டம். அடுத்த சனிக்கிழமை போனாள்; பச்சைக் கார் ஜெயித்தது. அதற்கடுத்த வாரம் வழியில் பெட்ரோல் போட நின்றாள். பச்சைக் கார் இரண்டாவது வந்தது. “எங்கயாச்சும் நின்னியா?” என்று அவர் கேட்டபோது அவளுக்கே சுருக்கென்றது.

நேற்று மூன்றாவது சனிக்கிழமை. பின்சீட்டில் அண்ணன், இஸ்திரி போட்ட சட்டையில், மடியில் இரண்டு கைகளும் வைத்து. பெரிய சந்திப்பில் சிவப்பு விளக்கு. வலது பக்கம் போனால் லைசென்ஸ் ஆபீஸ், இடது பக்கம் கடற்கரை. சொன்ன சொல்லை அன்று காப்பாற்றிவிடுவது என்று தீர்மானித்துத்தான் அவள் கிளம்பியிருந்தாள். வண்டி ரேடியோவில் வர்ணனையாளர் கத்திக்கொண்டிருந்தார். பச்சைக் கார் முன்னால், நாலே சுற்று பாக்கி.

விளக்கு பச்சையாகியும் அவள் எடுக்கவில்லை. பின்னால் ஹாரன்கள்.

“அண்ணே, அடுத்த வாரம் போலாமா?”

“நானே சொல்லணும்னு இருந்தேம்மா” என்றார் அண்ணன், அவசரமாக. “வலதுல ஒடி.”

சிரிக்கிறீர்களா? ஏற்கெனவே எரியும் லிஃப்ட் பொத்தானை மறுபடியும் அழுத்துகிறவர் யார்? பிள்ளையின் பரீட்சை முடிவு திரையில் சுற்றிக்கொண்டிருக்கும்போது, அதைத் திறந்த நாற்காலியிலிருந்து அசையாதவர் யார்? மற்றவர் ஓட்டும் காரில் உங்கள் வலது கால் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று ஒருமுறை குனிந்து பாருங்கள். இந்த இனத்தில் பிறக்க வேண்டியதில்லை; பக்கத்தில் ஐந்து நிமிடம் நின்றாலே போதும்.

அண்ணனின் கடற்கரை இன்னும் பாக்கி. வருகிற சனிக்கிழமை கடைசிப் பந்தயம். அன்று லைசென்ஸ் ஆபீஸ் வாசலைத் தவிர யாரும் எங்கேயும் போவதாக இல்லை. அந்த நேரத்தில் நீங்கள் எங்கே, எப்படி உட்கார்ந்திருக்கப்போகிறீர்கள் என்பதை முன்கூட்டியே தெரிவித்தால் அவர்களுக்கு உதவியாக இருக்கும்.