அண்ணாச்சி எனக்காகக் குறைத்த மூச்சு

நன்றாக மூச்சு விட்டுக்கொண்டிருந்த மனிதருக்கு ஓடிப்போய் ஆக்சிஜன் வைக்கச் சொன்னவள் நான். அதுவும் நர்சிங் படிப்பின் செய்முறைத் தேர்வில்.

மூச்சு எண்ணுவதில் விதி ஒன்றுதான்: எண்ணுவதை நோயாளியிடம் சொல்லக்கூடாது. நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நெஞ்சைக் கவனிக்க வேண்டும். சொல்லிவிட்டால் மூச்சின் போக்கே மாறிவிடும். இதை நான் தூக்கத்தில்கூட ஒப்பிப்பேன். தேர்வில் தவறினால் ஆறு மாதம் கழித்துத்தான் மறுபடியும் எழுத முடியும். அப்பாவோ தச்சநல்லூர் முழுக்க என்னை ஏற்கெனவே நர்ஸ் ஆக்கிவிட்டிருந்தார்.

எனக்கு வாய்த்தவர் வள்ளியூரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. சர்க்கரையால் காலில் புண். பக்கத்தில் அவர் மனைவி. அப்பா வயசுக்காரரை ஏமாற்றுவதா என்று எனக்கு மனசு கேட்கவில்லை. (மரியாதையாம் மரியாதை!)

"அண்ணாச்சி, உங்க மூச்ச ஒரு நிமிசம் எண்ணிக்கிடுதேன்."

"பரீச்சையா தாயி?"

"ஆமா. இதுல போச்சுன்னா ஆறு மாசம் போச்சு."

"நீ பயப்படாத. நான் பாத்துக்கிடுதேன்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

நெஞ்சு ஏறியது. ஏறியது அப்படியே நின்றது. ஒரு நிமிடத்தில் மொத்தம் ஆறு மூச்சு! ஒவ்வொன்றுக்கும் நடுவே நீண்ட இடைவெளி. தாளில் ஆறு என்றே எழுதினேன். அவர் முகம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. கூப்பிட்டால் பதில் இல்லை, விரல் மட்டும் ஆடியது. (தொந்தரவு பண்ணாதே என்று அர்த்தமாம். நான் வலிப்பு என்று நினைத்தேன்.)

"மேடம்! மூச்சு நிக்குது!" என்று கத்தினேன்.

"ஐயோ, இப்பதான நாலு இட்லி தின்னாவ!" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டார்.

சிலிண்டர் உருண்டு வந்தது. மாஸ்க்கை மாட்டியதும் அண்ணாச்சி அதை விலக்கிவிட்டு, "எத்தன தாயி வந்துச்சு? கொறஞ்சுதா?" என்றார்.

சுற்றி நின்றவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவரே தொடர்ந்தார்:

"சீனியக் கொற, பிரஷரக் கொற, எடையக் கொறன்னு பத்து வருசமா சொல்லுதிய. ஒண்ணையும் கொறைக்க முடியல. இதையாவது இந்தப் புள்ளைக்காகக் கொறைப்போம்னு பாத்தேன்."

நான் அழுதே விட்டேன். தேர்வாளர் மேடம் என் தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு மற்ற மாணவிகளின் தாள்களைப் புரட்டினார். எல்லாவற்றிலும் பாடப்புத்தகத்தில் போட்டிருக்கும் அதே பதினெட்டு. கக்கூசுக்குப் போயிருந்த நோயாளிக்கும் பதினெட்டு.

"சொல்லிட்டு எண்ணுனது தப்பு" என்றார். "ஆனா இன்னைக்கு எண்ணுனவ நீ ஒருத்திதான்." சரியாகப் பாஸ் மார்க் போட்டார், அதற்கு மேல் அரை மார்க் இல்லை.

அண்ணாச்சி என் கல்யாணத்துக்குப் பித்தளைக் குடத்தோடு வந்து, "மாப்ள, இவள பாஸ் பண்ணி விட்டதே நான்தான்" என்று மேடையிலேயே முழுக்கதையையும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து, காய்ச்சல் என்று நான் மணிக்கட்டைத் தொட்டாலே போதும், என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்: "எத்தன வேணும் தாயி? ஆறு போதுமா?"